தலைகீழ் பேரிங்

ஆறு வருடங்களில் முதல் தடவையாக அண்ணன் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டான். ஆள் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பாப்பா, இந்த வண்டியைக் கொஞ்சம் பாரேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு."

மத்தியான வெயிலில் அவளுடைய தகரக் கொட்டகை கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"யாரு வண்டி?"

"டாக்டரம்மாவோடது. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரியாகலேன்னா, ஆஸ்பத்திரி வண்டி பன்னெண்டும் வேற பட்டறைக்குப் போயிடும். நீ பாத்தேன்னு யாருக்கும் தெரிய வேணாம், என்ன?"

யாருக்கும் தெரிய வேண்டாமாம். அவள் சிரித்துக்கொண்டாள்.

முன்பு இருவரும் அப்பாவின் பட்டறையில் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். ஸ்டியரிங் வேலை என்றால் அவள்தான். ஒரு நாள் அங்கே வேலை முடித்துப் போன டாக்ஸியின் முன்சக்கரம் ஓடும்போதே பிடுங்கிக்கொண்டு திரும்பியது. ஸ்டியரிங் கம்பியின் நட்டு கழலாமல் குறுக்கே செருகி மடக்கும் பின் ஒன்று உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். டாக்ஸிக்காரரின் முட்டி நொறுங்கிப்போனது. அந்த நட்டை முடுக்கியவன் அண்ணன். ஆனால் அப்பா முன்னாலும் டாக்ஸிக்காரர் முன்னாலும் அவன் தங்கையைக் கைகாட்டினான். "பொம்பளப் பிள்ளைய நம்பி ஸ்டியரிங்கைக் கொடுத்தேனே" என்று தலையில் வேறு அடித்துக்கொண்டான். அப்பா அவனைத்தான் நம்பினார். அவளை வெளியே போகச் சொன்னார்.

இன்றுவரை டயருக்கும் பிரேக்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அவளிடம் வருவார்கள். ஸ்டியரிங் என்றால் வேறு கடைக்குப் போவார்கள்.

"என்னென்ன மாத்தினே?" என்று கேட்டாள்.

"ஆயில், பெல்ட், பம்பு. போன வாரம் ஸ்டியரிங் ரேக்கையே மாத்திட்டேன்."

"டிரைவரை மாத்திப் பாத்தியா?"

"விளையாடாதே பாப்பா."

டயரில் காற்றைப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஆயில் மட்டமும் சரி. உட்கார்ந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். முக்கி முனகித்தான் திரும்பியது. கையை விட்டதும், யாரோ பிடித்து இழுத்த மாதிரி கால் சுற்று பின்னால் துள்ளியது. ஆயில் குறைந்தாலும் பம்பு போனாலும் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் இப்படித் துள்ளாது. எங்கேயோ ஏதோ முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

"நீ உக்காந்து மெதுவா திருப்பு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஷாக்கைச் சுற்றியிருந்த ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்தாள். அவன் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் துணி பிழிவதுபோல முறுக்கேறியது. பிறகு 'டங்'கென்று உதறியது. மறுபக்கமும் அதேதான்.

"ஷாக் எப்ப மாத்தினே?"

"மூணு மாசம் முன்ன. அதுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டையும் கழற்றினாள். ஷாக் இரண்டையும் ஸ்பிரிங்கோடு இறக்கி மேஜைமேல் வைத்தாள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மேல்மூடியைத் திறந்தாள். உள்ளே பேரிங் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் கூடு கிழிந்து மாவாகியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஷாக் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புவதே அந்தப் பேரிங்கில்தான். எந்தப் பக்கம் மேலே என்று பார்க்க அரை நிமிடம் போதும். அண்ணனிடம் அந்த அரை நிமிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

அலமாரியில் புதுப் பேரிங் ஒரு ஜோடி இருந்தது. எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் துடைத்தாள்.

"மாட்டு பாப்பா. மணி ரெண்டரை ஆச்சு."

"டாக்ஸிக்காரருக்கு ஒரு போன் போடு."

அவன் முகம் சுருங்கியது. "எதுக்கு?"

"அன்னிக்கு அந்தப் பின்னைப் போடாம விட்டது யாருன்னு சொல்லு. சொன்னதும் மாட்டறேன்."

"பைத்தியமா உனக்கு? பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுறே? நான் என் பட்டறைக்கே கொண்டு போய் மாட்டிக்கிறேன்."

"கொண்டு போ. எதுல போவே?"

அவன் வண்டியைப் பார்த்தான். முன்பக்கம் சக்கரமில்லாமல், ஷாக் இல்லாமல், ஸ்டாண்டின் மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இழுவை வண்டியைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் கெஞ்சினான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததைச் சொன்னான். ஒரே ரத்தம் என்றான்.

"அந்த ரத்தத்தைத்தானே வெளியில தள்ளினே" என்றாள்.

இரண்டே முக்காலுக்கு அவன் போன் போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவன் வாய்க்குள்ளேயே மென்று மென்று சொல்லி முடித்தான். 

"இப்ப எங்க இருக்கே?" என்றார் டாக்ஸிக்காரர்.

அண்ணன் போனை அணைக்கப் போனான். அவள் முந்திக்கொண்டு, "என் கொட்டகையிலதாங்க. வண்டி ஸ்டாண்டுல நிக்குது, எங்கேயும் போக முடியாது. நிதானமா வாங்க" என்றாள்.

"அடிப்பாவி!"

"மாட்டறேன்னு சொன்னேன்ல, மாட்டறேன். கையில விளக்கைப் பிடி."

முதல் பேரிங்கை எடுத்து, எந்தப் பக்கம் மேலே என்று அவன் கண்ணெதிரே காட்டி, கிரீஸ் தடவி உட்கார வைத்தாள். நட்டை முடுக்கினாள். முடுக்கியதை மறுபடி பார்த்தாள். எதிலும் அவசரம் காட்டவில்லை. 

வலப்பக்கம் முடிந்தபோது, பின்னால் இரண்டு துணைச்சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. டாக்ஸிக்காரர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவள் தன் ஸ்டூலை அவருக்கு நகர்த்திப் போட்டாள். பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நேர்ல சொல்லு" என்றார் அவர்.

அண்ணன் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு அண்ணா" என்றாள் அவள், இடப்பக்கப் பேரிங்கைக் கையில் எடுத்தபடி. "வெல்டிங் கடை வரைக்கும் கேக்கணும்."