மச்சம் விழும் இடம்

ஒரே ஒரு துண்டு தின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? கிஸ்லானின் மனம் நச்சரித்தது. ஆனால் காலையில்தான் விரலில் குத்திப் பார்த்திருந்தாள், சர்க்கரை ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தாள்.

மாமியார் லல்லா பதூல், எள் தூவித் தேன் சொட்டும் ஷெபாக்கியா பலகாரத்தை அவள் மூக்கருகே நீட்டினாள்.

"தின்னுடி பொண்ணே! மசக்கை ஆசைய அடக்கிக்கிட்டு நீ உடம்புல எங்க தொடுறியோ, பிள்ளைக்கு அங்கயே இதே மாதிரி மச்சம் விழும். கன்னத்துல விழுந்தா என் பேத்திய எவன் கட்டுவான்?"

கிஸ்லானுக்கு நாக்கில் நீர் ஊறியது. கன்னத்தருகே போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்போ யார் கண்ணுலயும் படாத இடத்துல விழட்டும் அத்தை."

இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்தாள். ஷெபாக்கியாவுக்கு மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.