மாவிலைப் பதம்

எங்கள் காளானை இக்ராம் நானா முதல் தடவை திருப்பி அனுப்பியபோது பழி என் தலையில் விழுந்தது. இரண்டாம் தடவை ரோசம்மா அக்காவின் தலையில் விழுந்தது. அந்த இரண்டாம் தடவை எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கடைசியில் வருவது எங்கள் தோட்டம். மேலே தேயிலை, கீழே ரப்பர். மேல் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் நாங்கள் கொழுந்து பறிக்கப் போவோம். கீழ் லயத்துப் பெண்கள் விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். இரண்டு லயத்துக்கும் நடுவில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் வேலைக்குப் போனால் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். புதிதாக ஒன்றைக் கட்டிய பிறகு பழையது பூட்டிக் கிடந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் நடையாய் நடந்து அதைக் கேட்டு வாங்கி, மரத்தூள் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கினோம்.

அந்தக் காம்பராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லயத்து வீடு புருஷன் பெயரில் இருக்கும், இல்லாவிட்டால் மாமனார் பெயரில். கோயில் சாவி தலைவரிடம். எங்கள் கையில் இருந்த ஒரே சாவி இந்தக் காம்பராவின் சாவிதான். அதை என் தாலிக்கொடியில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்தேன். மலையில் கொழுந்து பறிக்கும்போது அது நெஞ்சில் இடிக்கும். இடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

காளான் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர் துஷ்யந்தி மிஸ். நல்ல மனுஷி. தொப்பியின் ஓரம் அலை அலையாக வரத் தொடங்கும்போது பறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினோம். எந்த அலை என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

நான் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த அலை, பீலிக் குழாய்த் தண்ணீர் விழும்போது வாளியின் ஓரத்தில் ஒரு நடுக்கம் ஓடுமே, அதுதான். போதாக்குறைக்கு இது கொழுந்து பறித்த கை. இளசைக் கண்டால் நிற்காது. ஓரம் லேசாக அசைந்தமாதிரி தெரிந்ததும் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டேன். பொத்தான் பொத்தானாகப் போன காளானைப் பார்த்து, ரெண்டு இலையும் ஒரு மொட்டும் அனுப்பியிருக்கிறீர்களா என்று பெல்மதுளையிலிருந்து இக்ராம் நானா கேட்டாராம். ஹோட்டல்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவர் அவர், முஸ்லிம் அண்ணன் என்பதால் நானா. பேச்சில் காரம் போட்டுத்தான் தருவார்.

அடுத்த முறை கீழ் லயத்து ரோசம்மா அக்கா பொறுப்பெடுத்தது. அது வருஷம் தவறாமல் தலவில் வேதக்கோயில் திருவிழாவுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வருகிற ஆள். அதன் கணக்கில் அலை என்றால் எழும்பி, வளைந்து, மடிந்து விழ வேண்டும். அதோடு பால் வெட்டுகிற பழக்கம் வேறு. மரத்தில் கோடு கீறிவிட்டுச் சிரட்டை நிரம்பும்வரை காத்திருக்கிற பழக்கம். காளானையும் அப்படியே காத்தது. ஓரமெல்லாம் கொசகொசவென்று சுருண்டு, கிழிந்து, வெள்ளைத் தூள் கொட்டிக் காம்பரா முழுக்கப் படிந்தது. பெல்மதுளைக்குப் போய்ச் சேருமுன்பே கூடைக்குள் துவண்டுவிட்டது.

அதற்குப் பிறகு, தொரைக்கு அடுத்தபடியான சின்ன தொரை வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்ததும் திரும்பி வந்தால் காம்பராவை உரம் அடுக்க எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுநாளே டிராக்டர் வந்து வாசலில் உர மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த நாற்றம்தான் முதலில் வரவேற்றது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் காம்பராவுக்குள் நின்று சண்டை பிடித்தோம்.

"அலைன்னா எந்திரிச்சு நிக்கணும் புள்ள. நீ கடலப் பாத்திருந்தாத் தெரியும்" என்றது ரோசம்மா அக்கா.

"கடலப் பாத்தவங்க அனுப்புன காளான் எங்கக்கா போச்சு? குப்பைக்குத்தானே?" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா விறுவிறுவென்று வெளியே போய்விட்டது. கோபித்துக்கொண்டு கீழ் லயத்துக்கே போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு மாவிலை. வாசல் மரத்தில் ஒடித்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் தோரணம் கட்டுகிற அதே மரம். மாதா திருவிழாவுக்குக் கீழ் லயத்தாரும் அதில்தான் ஒடிப்பார்கள். இலையை நீட்டிப் பிடித்து, பையில் விரிந்திருந்த ஒரு காளானின் ஓரத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தது. இலையின் ஓரம் நிமிரவும் இல்லை, சுருளவும் இல்லை. லேசாக ஏறி லேசாக இறங்கிப் போனது. காளானின் ஓரமும் அப்படியே போனது.

இதுவா என்று அக்கா கண்ணால் கேட்டது. எனக்கு இது பிஞ்சும் இல்லை, அக்காவுக்கு இது முற்றலும் இல்லை. இதுதான் என்று தலையாட்டினேன். நாங்கள் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பதத்துக்கு மாவிலை என்றே பெயர் வைத்தோம். பிறகு மற்றதற்கெல்லாம் பெயர் தானாக வந்து விழுந்தது. ஓரம் உள்ளே மடிந்திருந்தால் முக்காடு, மழைக்குச் சேலையை இழுத்துத் தலையில் போடுகிறோமே, அந்த முக்காடு. நெளிவு அதிகமாகிக் கொசுவம் வைத்தால் செம்பருத்தி. அதையும் தாண்டிக் கிழிந்து தூள் கொட்டினால் அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றிச் சுற்றிச் செட்டை பிய்ந்து கிடக்கிற பூச்சியைப் பார்க்காதவர்கள் எங்கள் லயத்தில் கிடையாது. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இந்த நாலு பெயரையும் சொல்லிவைத்தோம். அதன்பிறகு எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தோசையின் ஓரம், குரோட்டன் இலை, தேயிலைச் செடியில் ஊர்கிற புழுவின் முதுகு, எதைப் பார்த்தாலும் எந்த நெளிவு என்று ஒருத்திக்கு ஒருத்தி கேட்டுக்கொண்டோம். என் புருஷன் ஏழுமலை தன் மீசையைத் தடவிக்கொண்டு இது என்னவென்று கேட்டான். அந்துப்பூச்சி என்றேன்.

இக்ராம் நானா லொறியோடு தானே வருகிறேன் என்று சொல்லியிருந்த நாள் வேலைநாளாகப் போனது. காலையில் பார்த்தபோது எல்லாம் முக்காடு. சாவியை, அன்றைக்குப் பால்வெட்டு இல்லாத ரோசம்மா அக்காவின் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நான் வரும்வரை ஒன்றையும் தொடாதீங்க என்றும் சொன்னேன். அக்கா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது. மலையேறினேன். நெஞ்சில் சாவி இடிக்கவில்லை. அது இடிக்காததே பெரிய இடியாக இருந்தது.

மதியம் வெயில் கொளுத்தியது. காற்று காய்ந்து வீசியது. அப்போது போன் வந்தது. அக்காவிடம் இருப்பது பட்டன் போன், படம் எடுத்து அனுப்ப வழியில்லை.

"வலது பக்கம் மாவிலை வந்துருச்சு புள்ள. இடது பக்கம் இன்னும் முக்காடு எடுக்கல. நீ எறங்கி வர்றதுக்குள்ள வலது செம்பருத்தியாப் போயிரும். இப்பவே பறிக்கணும்."

கொழுந்துக் கூடையோடு அப்படியே நின்றேன். வலது வரிசையும் இடது வரிசையும் கண்முன்னே தெரிந்தன. ரோசம்மா அக்கா வாயிலிருந்து 'இப்பவே' என்று நான் கேட்டதே இல்லை. காத்திருக்கிற மனுஷி இப்பவே என்று சொன்னால் அது இப்பவேதான்.

"பறிங்கக்கா. இடது பக்கத்த விட்டுருங்க" என்றேன்.

விட்டுருங்க. பறிக்காமல் விட்டுவிடு என்று என் வாய் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் மூச்சிரைக்க இறங்கி வந்தபோது இக்ராம் நானா கூடையின் முன்னால் குந்தியிருந்தார். சின்ன தொரையும் உர மூட்டைகளின் பக்கத்தில் நின்றார். நானா ஒரு காளானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். கூடையின் அடிவரைக்கும் கையை விட்டு அங்கிருந்தும் ஒன்றை எடுத்தார். எல்லாம் ஒரே ஓரம்.

"எல்லாம் ஒரு கையால பறிச்ச மாதிரி இரிக்கே. யாரு பறிச்ச?" என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றோம், நானும் அக்காவும் ஒரே நேரத்தில்.

எப்படி என்று கேட்டார். அக்கா மரத்தில் ஒரு இலையை ஒடித்துக் கொடுத்தது. பார்த்துவிட்டுச் சிரித்து, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இடது பக்கத்துக்கு நாளைக்கே லொறி அனுப்புவதாகச் சொன்னார். சின்ன தொரை டிராக்டர்காரனைக் கூப்பிட்டார். மூட்டைகள் ஏறுவதை வாசலில் நின்று கடைசி மூட்டைவரை பார்த்தேன். அழுதேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். அக்கா சாவியை நீட்டியது. உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு வேறொன்று வெட்டிக்கொள்கிறேன் என்றேன்.

இது நடந்து சில வாரங்கள் போயிருக்கும். முன்பின் தெரியாத ஒரு லொறி வந்து நின்றது. டிரைவர் சிங்களப் பையன், எங்கள் ஊர்ப் பக்கமே வராதவன். ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டான்:

"அக்கே, மாவிலை தியெனவாத?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் இக்ராம் நானா இப்போது அப்படித்தான் கேட்கிறாராம். காளான் வளர்க்கிற சிங்கள ஆட்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்களாம். கொழுந்துக்காரியும் பால்வெட்டுக்காரியும் சண்டை போட்டுக்கொண்டு வைத்த பெயர், லொறி ஏறி ஊர் சுற்றிவிட்டு எங்கள் வாசலுக்கே வந்து நிற்கிறது.

"தியெனவா மல்லி" என்றேன், இருக்கிறது தம்பி என்று அவன் பாஷையிலேயே. என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகாரமாகக் கேட்டது. இருக்கட்டும். நெஞ்சிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன்.