தொட்டிக்கு அடியில் ஓட்டை

சூளையைத் திறந்து முதல் பூந்தொட்டியை எடுத்ததும் முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. நீலம் அப்படி மினுங்கியது. கவிழ்த்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. அடியில் ஓட்டை இல்லை. அடுத்ததையும் கவிழ்த்தாள். அதிலும் இல்லை. எதிலும் இல்லை.

"மாமா! இங்க வாங்க."

அவள் புருஷன் மருதுபாண்டி பருத்திக்காட்டுப் புழுதியோடு வந்து நின்றான். தங்கச்சி பிரசவத்துக்கு அவள் ஆஸ்பத்திரியில் துணை நின்றபோது, ஈரத் தொட்டிகளைக் காயவைத்து, மேல்பூச்சு பூசி, கேஸ் சூளையில் வைத்துச் சுட்டது அவன்தான். போனில் அவள் சொன்னதையெல்லாம் செய்தான். சொல்லாத ஒன்றையும் செய்திருக்கிறான்.

"அடியில ஓட்ட போட்டிருந்தேனே, எங்க?"

"களிமண்ண வச்சு அடைச்சுட்டேன். நீ அவசரத்துல அப்பிடியே விட்டுட்டுப் போயிட்டன்னு நெனச்சேன். பாரு, தடமே தெரியல."

"ஊத்துற தண்ணி வெளிய போக வேண்டாமா?"

"தண்ணி எதுக்குடி வெளிய போகணும்?" கோபமாகவே கேட்டான். வரப்பில் எலி வளையைப் பார்த்தால் அதை அடைத்துவிட்டுத்தான் சோறு தின்பவன்.

"போகலைன்னா வேரு அழுகிச் செடி செத்துரும்."

"தண்ணி கூடிப் போயி நம்ம ஊருல எந்தச் செடி செத்துச்சு?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. அருப்புக்கோட்டையில் சுந்தராம்பாள் அம்மா நாளைக்குச் செடிக்கடை திறக்கிறார். இன்று மத்தியானம் தொட்டிகள் போயாக வேண்டும். அவள் பிடித்த முதல் டவுன் ஆர்டர். இது கெட்டால், தொட்டி செய்யும் மோட்டார் ரூமைப் பருத்தி மூட்டைக்கு விட்டுவிட்டுக் களையெடுக்க வருவதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த மோட்டார் ரூமுக்கு மோட்டாரே வந்ததில்லை. மருதுபாண்டி தண்ணீருக்காகத் துளைத்த போர் ஒவ்வொன்றிலும் புழுதிதான் பறந்தது. தண்ணீர் வருமுன்னே ரூம் கட்டியவன் என்று ரெட்டியபட்டி முழுக்கப் பேர்.

லோடு ஏற்ற வந்த ஆட்டோக்கார செல்வக்குமார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டைல்ஸ் ஒட்டும் தன் தம்பியின் ட்ரில் மிஷினை வாங்கி வந்தான். மருதுபாண்டி ஒரு தொட்டியில் வைத்து அமுக்கினான். கிறீச்சிட்டுப் புகைந்தது. டப்பென்று இரண்டாகப் பிளந்தது.

"நான் தொளை போட்டா இப்பிடித்தான்," என்று மிஷினைக் கீழே வைத்தான்.

முனீஸ்வரி உடைந்த துண்டைத் தொட்டாள். சுட்டது.

"சூட்டுல விரியுது மாமா. டைல்ஸ் வெட்டுறவுக தண்ணி ஊத்திக்கிட்டேதான வெட்டுறாக?"

அடுத்த தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

"தண்ணி வீணாப் போகுமே," என்றான் மருதுபாண்டி.

"அடியில சட்டிய வைங்க. அமுக்காதீங்க, அதுவா எறங்கட்டும்."

மருதுபாண்டி மறுபடி மிஷினைப் பிடித்தான். இறங்கியது. புகை இல்லை, சத்தமும் குறைவு. திடீரென்று அடியில் பொத்துக்கொண்டு தண்ணீர் சட்டிக்குள் கொட்டியது.

"அண்ணே!" செல்வக்குமார் துள்ளினான். "ஒம் போர்ல தண்ணி வந்துருச்சுண்ணே!"

முனீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருதுபாண்டி முறைத்தான், முறைப்பு நிற்கவில்லை, அவனும் சிரித்துவிட்டான். மிச்சத் தொட்டிகளில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. சட்டியில் விழுந்த அதே தண்ணீரைத்தான் அடுத்தடுத்த தொட்டிக்கும் ஊற்றினான்.

சாயங்காலம் சுந்தராம்பாள் போன் செய்தார். "ஒண்ணு கொறையுதேம்மா?"

"சுடுறப்ப ஒண்ணு ஒடஞ்சிருச்சும்மா," என்றாள் முனீஸ்வரி, புருஷனைப் பார்த்துக்கொண்டே.

"சரி, அடுத்த லோடோட சேத்து அனுப்பு. இதவிடப் பெருசா வேணும்."

அவள் போனை வைக்குமுன்னே மருதுபாண்டி மோட்டார் ரூம் வாசலில் சாத்தியிருந்த பருத்திச் சாக்குகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவயும் ஈரத்துலயே ஓட்ட போட்டுருவேன் மாமா. அடைச்சுறாதீங்க."

"நீ ஒண்ணும் போட வேண்டாம்," என்றான் மருதுபாண்டி. "அது என் வேலை."