லூப்புக்கு வெளியே ஒரு வரி

மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடையில் சரிசெய்து வரத் தம்பி கிளம்பினான்.

“பஸ் கம்பெனி வேலை முடிஞ்சுதாடா?” என்று கேட்டேன்.

“கடைசி ஒரு வரி பாக்கி. வந்து போடறேன். நீ கலரைப் பாரு, புரோகிராம் கோடுல கை வச்சிடாதே.”

“பெரிய தங்கச் சுரங்கம்.”

சிரித்துக்கொண்டே போனான். தெருமுனையில் லாரி. அவன் திரும்பவில்லை.

முன்னறைதான் எங்கள் அலுவலகம். இணையப் பக்கத்தின் தோற்றம் என் பொறுப்பு. அதை இயக்கும் கணினி நிரலை, அவன் பேச்சில் கோடு, எழுதுவது அவன் பொறுப்பு. பஸ் கம்பெனியின் பழைய முன்பதிவுப் பக்கத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து விழும். மேலே ஒன்று புகுந்தால் மற்றவை கீழே நகரும். நாம் ஒரு வண்டியைத் தொட, வேறொன்றில் சீட்டுப் பதிவாகிவிடும். “பாதித் தலை சீவிக்கிட்டு யாராவது தெருவுல இறங்குவாங்களா அக்கா?” என்பான் தம்பி. “உள்ளேயே எல்லாத்தையும் முடிச்சுட்டு ஒரேயடியா வெளியே வரணும்.”

காரியங்கள் முடிந்த பின் பஸ் கம்பெனி மேலாளர் போன் செய்தார்.

“தம்பி செஞ்ச பக்கத்தைத் திறந்தா வெள்ளையா இருக்கும்மா. தப்பா நினைக்காதீங்க, வேற ஆளை விட்டு முதல்லேர்ந்து எழுதிக்கறோம்.”

“வேண்டாம் சார். அவன் எழுதினதே ஓடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குக் கோடு அரைகுறை. அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். புரியாத இடத்தில் மறுபடி மேலே போனேன். அவன் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டம், அதில் நேரம், இருக்கை, பொத்தான். அத்தனையும் கணினியின் நினைவகத்தில் முழுதாக உருவாகி, ஒரே கட்டாகக் காத்திருந்தன. அந்தக் கட்டைப் பக்கத்தோடு சேர்க்கும் வரி மட்டும் இல்லை.

எழுதினேன். வண்டிகள் வந்தன, ஒவ்வொன்றாக, குதித்துக் குதித்து. பழைய கூத்தேதான். கட்டங்களைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் லூப்புக்குள்ளேயே அந்த வரியை வைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டமும் முடிந்த கையோடு வெளியே ஓடியது.

வரியை வெட்டி லூப்புக்குக் கீழே ஒட்டினேன். கண் இமைப்பதற்குள் எல்லா வண்டிகளும் இருந்தன. எதுவும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் தன் போனில் திறந்து பார்த்தார். “எப்ப வந்துதுன்னே தெரியலையேம்மா.”

“தெரியக் கூடாது சார். அதுக்குத்தான் அவன் பாடுபட்டான்.”

அவர் அதையே வைத்துக்கொண்டார். இப்போது கோடும் நான்தான் எழுதுகிறேன். நாற்காலி அவன் வைத்த உயரத்திலேயே இருக்கிறது.