பிள்ளைகள் வராத நாள்

கோட்டின் உள்பையில் சலவைக்கடைக்காரர் குத்தியிருந்த இளஞ்சிவப்புச் சீட்டை டெனீஸ் நகத்தால் நெம்பி எடுத்தாள். ஊசி அப்பாவின் நெஞ்சில் பட்டுவிடுமோ என்று ஒரு கணம் கை தயங்கியது. பிறகுதான் நினைவு வந்தது.

"முடிஞ்சுதா? மூடச் சொல்லிடலாமா?" என்று வாசலில் நின்றபடியே தம்பி வாரன் கேட்டான். காலையிலிருந்து அவன் சவப்பெட்டிப் பக்கமே வரவில்லை. பூ வந்ததா, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று வெளியே எதையாவது கவனித்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு நிமிஷம் இருடா."

சாம்பல் நிறக் கோட்டு. கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்வதற்காக அப்பா மெர்வ் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்தது. கடைசியில் கோர்ட்டுக்குப் போகவில்லை. இப்போது இதற்கு ஆயிற்று. டெனீஸ் டையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

பெட்டியை மூடியதும், பள்ளிக்கூடத்திலிருந்து கொடுத்தனுப்பிய நீண்ட கம்பை அதன்மேல் வைத்தார்கள். நுனியில் வட்டமான சிவப்புப் பலகை, அதில் வெள்ளை எழுத்தில் 'நில்'. ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மெர்வ், காலையும் மாலையும் அந்தக் கம்போடு ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் நின்று பிள்ளைகளைச் சாலை தாண்டவைத்தவர். இன்று பெட்டியைச் சுமக்க வந்தவர்களில் இரண்டு பேர் அவர் கைகாட்டி நடந்தவர்கள்தான்.

அந்தப் பள்ளிக்கு முன்னால்தான் அவருடைய வெள்ளை கேம்ரி காரை வேகக் கேமரா படம் பிடித்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு. போன இலையுதிர்காலத்தில் அபராதச் சீட்டு தபாலில் வந்தது.

"நான் இல்ல டெனி," என்று தொலைபேசியில் சொன்னார். "அன்னிக்கு நான் அந்தத் தெருப் பக்கமே போகல."

"கார் உங்களுதுதானேப்பா? வாரன் எடுத்தானான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அவன் எடுக்கலயாம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாற்றுச் சாவி வாரனிடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். ஆனால் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டான். எடுத்திருந்தால் சொல்லாமலா இருப்பான்? அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தபோது அதற்கேற்ற அடையாளங்களும் கிடைத்தன. ஒரு தடவை பால் அலமாரிக்குள் இருந்தது. ஒரு தடவை அவளை அம்மாவின் பெயரில் கூப்பிட்டார். சிட்னியிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வரும் மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மெர்வ் விடவில்லை. வழக்காடுகிறேன் என்று எழுதிப் போட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று சமையலறையில் கெட்டிலைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். இதற்குள் டெனீஸ் அவருக்குத் தெரியாமல் டாக்டருக்குத் தொலைபேசி செய்திருந்தாள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் வருடா வருடம் டாக்டர் கையெழுத்து இருந்தால்தான் வண்டி ஓட்ட முடியும். அந்த வருடம் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கையில், அவள் சமைத்துக் கொண்டுவந்த ஆட்டுக்கறியைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிவிட்டு மெர்வ் சொன்னார்: "கோர்ட்டெல்லாம் வேண்டாம் டெனி, விட்டுடு. நானாத்தான் இருக்கும். மறந்துபோயிருப்பேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்ற நிம்மதியில் அவளுக்குக் கண் நிறைந்தது. அன்றைக்கு அவரை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

கார் ஷெட்டுக்குள் நின்றது. மெர்வ் பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தார். போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது, நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பையைக் காலுக்கு நடுவில் வைத்திருந்தார். பஸ்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பெரியவர் எழுந்து வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் பௌலிங் கிளப்புக்கு வந்தார்கள். நீள மேசையில் சாசேஜ் ரோலும் முட்டை சாண்ட்விச்சும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே, வெட்டிவிட்ட புல்தரையில் மெர்வின் கூட்டாளிகள் இரண்டு பேர் கோட்டைக் கழற்றாமலே பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கே கையைக் காட்டி நிறுத்தினவன்," என்று சொல்லி காலின் தன் பீரைத் தூக்கிப் பிடித்தார். மெர்வோடு பட்டறையில் வேலை பார்த்தவர். "கடைசியில தன்னோட வாசல்லயே மாட்டினான் பாரு. என்னை ஒருநாள் நாப்பத்தஞ்சுல வந்தேன்னு நடுரோட்டுல நிக்கவச்சுத் திட்டினான், தெரியுமா? என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து சிரிக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். வாரனும் சிரித்தான். அவனுக்கு அது மூன்றாவது கோப்பை.

"அதுவும் பாவம், தெருவுல ஒரு பிள்ளைகூட இல்லாத நாளு," என்றான் வாரன். "வாத்தியாருங்களுக்கு மட்டும் வேலைநாள். கேட்டுல சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு. ஒருத்தன் ஏணி மேல நின்னு ஸ்கூல் போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கான், அவ்வளவுதான். அன்னிக்கும் கேமரா வேலை செய்யும்னு எவனுக்குத் தெரியும்?"

"மெர்வுக்குத் தெரியும்," என்றார் காலின் சாதாரணமாக. "பிள்ளைங்க வராத நாளுன்னாலும் நாப்பதுதான்னு வருஷா வருஷம் இங்க நின்னு கத்துவானே."

டெனீஸ் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் அப்பா அதைச் சொல்லி அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பள்ளி விடுமுறை வேறு, பிள்ளைகள் மட்டும் வராத நாள் வேறு. காலண்டரில் பள்ளி நாள் என்றால் பள்ளி நாள்தான். ஊரில் பாதிப் பேர் அதை மறந்துவிட்டு மாட்டுவார்கள். அந்தத் தவறைச் செய்யவே முடியாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. ஏணியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார், பார்த்தால்தானே?

வாரன் அவளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிய நேரம் பிடித்தது.

குப்பைத் தொட்டிகள் இருந்த பின்வாசலில் அவள் அவனைப் பிடித்தாள்.

"ஏணி மேல நின்னவனை நீ எங்கடா பார்த்த?"

அவன் சிகரெட்டைப் பற்றவைத்தான். இரண்டு தடவை தீக்குச்சி அணைந்துபோனது.

"என் வேன் ஒர்க்‌ஷாப்புல கிடந்துது. கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய பார்சல் ரெண்டு இருந்துது. அப்பா தூங்கிட்டிருந்தார். எழுப்ப வேணாம்னு..." புகையை விட்டான். "ஏற்கெனவே வாங்கின அபராதத்துல லைசென்ஸ்ல எனக்கு இருக்கிற புள்ளியெல்லாம் முடியப்போகுது. லைசென்ஸ் போனா வேலை போயிடும். வேலை போனா பசங்களை அவங்கம்மா வார விடுமுறைக்குக்கூட என்கிட்ட அனுப்பமாட்டா. உனக்குத் தெரியும்ல?"

"அப்பா தனக்கு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டுச் செத்துப்போனார்டா."

"அவருக்குத் தெரியும்."

காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் அவள் அவனைப் பார்த்தாள்.

"கோர்ட்டுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிட்டேன். சத்தியமா. திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. வேலை போயிடுமாடான்னு கேட்டார். ஆமான்னேன். சரி, போன்னுட்டார்." வாரன் தரையைப் பார்த்தான். "டெனிகிட்ட மட்டும் சொல்லிடாத, அவ உன்னைச் சும்மா விடமாட்டான்னார்."

உள்ளே யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்படியானால் அந்த ஆட்டுக்கறி ராத்திரி. தட்டை ஒதுக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாக, மறந்துபோயிருப்பேன் என்று சொன்னாரே, அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் அழுததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை விலக்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மாத்திரை டப்பாவை எண்ணியபோதும், அலமாரிக் கதவுகளில் எது எங்கே என்று எழுதி ஒட்டியபோதும் ஒன்றும் பேசாமல் இருந்தார். மகன் பொய் சொன்னான். அதைத் தாங்கிக்கொண்டு, அதே பொய்யை மகளுக்குச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவளை மட்டும் வெளியே நின்று கதவைத் துடைக்க விட்டதுபோல் இருந்தது.

டாக்டருக்குப் பேசியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? அதை யாரிடம் கேட்பது?

"ஏதாவது சொல்லு டெனி," என்றான் வாரன்.

"வீட்டுக்குப் போகலாம். நீ குடிச்சிருக்க. நான் ஓட்டுறேன்."

காலையில் அவள் ஷெட்டிலிருந்து எடுத்து வந்திருந்த கேம்ரியில் அப்பாவின் புதினா மிட்டாய் வாசனை இன்னும் இருந்தது. வாரன் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். அந்தக் கம்பு பின்சீட்டில் சாய்வாகக் கிடந்தது. அதைப் பள்ளியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள்.

பள்ளித் தெருவில் மஞ்சள் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. டெனீஸ் நாற்பதுக்கு வந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மெர்வின் இடத்தில் இப்போது நிற்கும் பெண் கடைசியாக ஒரு சிறுமியைச் சாலை தாண்டவைக்க, பலகையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாள். டெனீஸ் நிறுத்தினாள்.

சிறுமி தாண்டிப் போனாள். காரை அடையாளம் கண்டுகொண்ட அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு பலகையைத் தாழ்த்திக்கொண்டு நடைபாதைக்கு ஏறிவிட்டாள்.

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"போ," என்றான் வாரன் தாழ்ந்த குரலில். "யாரும் இல்ல, டெனி. போகலாம்."

டெனீஸ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆளில்லாத வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியின் பெயர்ப்பலகையில் பெயிண்ட் இன்னும் புதிதாகத்தான் இருந்தது.