இல்லாத தளம்

கேள்வியை எழுதியதே மியோங்ஜு டீச்சர்தான். 'நிலத்தடி இரண்டாம் தளத்தை −2 என்று கொள்க. அங்கிருந்து மூன்றாம் தளத்துக்கு லிஃப்ட் எத்தனை தளம் ஏறும்?' மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் ஐந்து. டியூஷன் சென்டரின் மேல் பிரிவுக்கான தேர்வில் முப்பத்தொரு பிள்ளைகள் ஐந்து என்றே எழுதியிருந்தார்கள்.

பியோ ஹாரம் மட்டும் நான்கு. ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு குறிப்பு: 'பூஜ்ஜியம் என்று தளமே இல்லை. தரையில் இருப்பதே ஒன்று. நம் லிஃப்ட்டிலேயே ஏறி எண்ணிப் பார்த்தேன்.'

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு மேல் பிரிவு கை நழுவியது.

சென்டரின் இயக்குநர் தாக், காய்ந்த கணவாய் மீனை மென்றபடி தாளை வாங்கிப் பார்த்தார். விரல் பிசுக்கு அவள் பெயரின் மேல் பதிந்தது.

"அவ எழுதுனதுதான் சார் சரி. தப்பு என் கேள்வியில."

"மெதுவா பேசுங்க. நாலுதான்னு சொன்னா முப்பத்தொரு அம்மாமாரும் போன்லயே என்னைத் தின்னுடுவாங்க." பல்லிடுக்கில் சிக்கிய நாரை நகத்தால் எடுத்து, பார்த்து, மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். "அதே கேள்வியை அவளுக்கு மட்டும் திருப்பிக் குடுங்க. அஞ்சுன்னு எழுதினா மேல் பிரிவு. உங்க மானமும் தப்பிக்கும்."

பிசுக்குப் படிந்த தாளை மியோங்ஜு திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னதைவிட, தனக்குள்ளே எங்கோ ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததுதான் அருவருப்பாக இருந்தது.

வகுப்பில் ஹாரமைத் தனியாக உட்கார வைத்ததும் பின் வரிசை கிண்டலை ஆரம்பித்தது. "லிஃப்ட்காரம்மா, எங்களையும் மேல ஏத்தி விடுங்க!"

"புத்தகத்துல இருக்குற மாதிரி போடு ஹாரம்," என்றாள் மியோங்ஜு, தாளைப் பார்த்தபடியே.

ஹாரம் பென்சிலை எடுத்தாள். பிறகு எழுதினாள்: 3−(−2)=5.

"இப்ப சரியா டீச்சர்?"

"சரி."

"அப்போ நம்ம லிஃப்ட்தான் தப்பு போல." குரலில் கோபம்கூட இல்லை. பையை மாட்டிக்கொண்டு போய், மேல் பிரிவுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். அடுத்த கணக்கில் அவள் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

வகுப்பு முடிந்ததும் மியோங்ஜு லிஃப்ட் பக்கமே போகவில்லை. சென்டர் இருந்த மூன்றாம் தளத்திலிருந்து, காரை நிறுத்தியிருந்த நிலத்தடி இரண்டுக்குப் படியில் இறங்கினாள். எண்ணக் கூடாது என்றுதான் இறங்கினாள். இரண்டு, தரை, நிலத்தடி ஒன்று, நிலத்தடி இரண்டு.

நான்கு.

கார் கதவில் வைத்த கையில் கணவாய் நாறியது.