காலாவதியான பச்சைப் பொட்டலம்

கணினிச் சில்லுகளில் ஓட்டை இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன நாளிலிருந்து என் சொந்தக்காரர்கள் யாருக்கும் தூக்கமில்லை. அவர்கள் புண்ணியத்தில் எனக்கும் இல்லை. தைபேயின் மின்பொருள் சந்தையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒரு குற்றத்துக்காகக் குடும்பத்தில் யார் வீட்டுக் கணினி தும்மினாலும் ஃபோன் எனக்குத்தான் வரும். என் மாமனார் தன் கணினியின் பிளக்கைப் பிடுங்கி, அதன்மேல் போர்வை போர்த்தி, பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். கணினிக்குள் இருக்கும் சில்லு ஓர் அவசரக்குடுக்கை. வழக்கமாக வரும் ஆளின் தலை தெருமுனையில் தெரிந்ததுமே நூடுல்ஸை வெந்நீரில் போட்டுவிடும் கடைக்காரர் மாதிரி, நாம் கேட்கும் முன்பே ஊகித்து வேலையைச் செய்து வைக்கும். ஊகம் தப்பினால் செய்ததைத் தூக்கிப் போட்டுவிடும். அந்தக் குப்பையைக் கிளறினால் நம் கடவுச்சொல், வங்கி அட்டை எண் எல்லாம் கிடைக்கும் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதை அடைக்கத்தான் பேட்ச் என்கிற ஒட்டு நிரல். போட்டால் பழைய கணினிகள் கொஞ்சம் மந்தமாகும்.

இதை வீடு வீடாகப் போய் விளக்கி, ஒவ்வொரு கணினியையும் சோதித்து, பேட்ச் போட்டுக்கொண்டு வந்தவன், ஒரு சனிக்கிழமை காலை என் அத்தை யூலான் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினேன். அத்தை அப்பாவின் அக்கா. அறுபதைத் தாண்டியவர், முடிதிருத்தும் கடை நடத்துகிறவர். கணினியில் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவார். அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்கிறது.

"அத்தை, கடைசியா எப்ப அப்டேட் போட்டீங்க?"

"அதுவா? தினமும் வந்து போடட்டுமான்னு கேக்கும். 'அப்புறம்'னு ஒரு தட்டு தட்டுவேன், போயிடும். கதவைத் தட்டுறவனையெல்லாம் உள்ள விட முடியுமாடா?"

சோதிக்கும் நிரலை ஓட்டினேன். 'பாதுகாப்பு இல்லை' என்று இரண்டு வரி, இரண்டும் சிவப்பு எழுத்தில்.

அத்தை கைதட்டினார். "சிவப்பு! வருஷப் பிறப்பு வர்ற நேரத்துல நல்ல சகுனம்டா போகாங்!"

"கம்ப்யூட்டர்ல சிவப்புன்னா கெட்டது, அத்தை."

"எந்த ஊருல?"

வேலையைத் தொடங்கினேன். மூன்று வருஷமாக 'அப்புறம்' என்று தள்ளியதெல்லாம் முதலில் இறங்க வேண்டும், அதன் பிறகுதான் பேட்ச். அத்தை முள்ளங்கிக் கேக்கைப் பொரித்து வைத்தார். தேநீர் வைத்தார். பிறகு கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார்.

"பன்னண்டுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"ஏன், பன்னண்டுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை."

அத்தை 'ஒண்ணுமில்லை' என்று சொன்னால் ஏதோ பெரிசு இருக்கிறது என்று அர்த்தம். கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லிக் கேட்டதும் வாயைத் திறந்தார். அவர் இளம் வயதிலிருந்து உருகி உருகிக் கேட்கும் பாடகியின் கடைசிக் கச்சேரி. பன்னிரண்டு மணிக்கு இணையத்தில் டிக்கெட் விற்பனை. பக்கத்துப் பக்கத்து இருக்கை இரண்டு வேண்டும்.

"ரெண்டாவது யாருக்கு?"

அத்தை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "உன் சின்னத்தைக்கு."

சின்னத்தை சூமெய் இதே சந்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அக்காவும் தங்கையும் பேசி ஐந்தாறு வருஷம் ஆகிறது. கோயில் பாட்டுப் போட்டியில், அக்கா வருஷம் முழுக்கப் பழகி வைத்திருந்த பாட்டைத் தங்கை முந்திக்கொண்டு பாடி, பரிசாகச் சோறு வடிக்கும் குக்கரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஒருவர் வந்தால் மற்றவர் எதிர்ப்பக்கமாகப் போவார். வருஷப் பிறப்பு விருந்தில் இருவருக்கும் நடுவில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள்.

"இதை வந்தவுடனே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நாளைக்கு வந்திருப்பேனே!"

"நீதானே ஓட்டை வழியா அட்டை நம்பர் போயிடும்னு பயமுறுத்துன! ஆமா, இதைப் போட்டா மெதுவாயிடும்னு டிவியில சொன்னான்?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமா? கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள டிக்கெட் தீந்துடும்டா, கழுதை!"

சரியாக அப்போது கணினி தானே அணைந்து எழுந்து, 'நிறுவப்படுகிறது, அணைக்காதீர்கள்' என்று நீலத் திரையைக் காட்டியது. முப்பது சதவீதம். அங்கேயே நின்றது. என் கைபேசியில் முயன்றேன். டிக்கெட் விற்கும் இணையதளம் வெறும் வெள்ளையாக வந்தது. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தை கணினிப் பெட்டியின் தலையிலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். எங்கள் ஊரில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் தேங்காய்ச் சுவை சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். வங்கியிலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு, என் கடையில் பதினொன்று உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் இயந்திரம் நலம் என்பதால் பச்சை மட்டும்தான் ஆகும். அதைப் பிரித்துத் தின்னவே கூடாது.

அத்தை பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"போகாங்... இது நவம்பரோட காலாவதி!"

சில்லு எப்படி ஊகிக்கிறது என்று படம் போட்டு விளக்கத் தெரிந்த எனக்கும் முதுகு சில்லிட்டது. அந்தப் பொட்டலத்தை அங்கே வைத்தவன் நானேதான். "ஐயோ" என்றேன்.

"ஐயோவா? இந்த லட்சணத்துல கடை வேற நடத்துறான்! வாடா!"

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் கணினியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு நான்கு மாடியும் இறங்கி, முனையில் உள்ள கடைக்கு ஓடினோம்.

கடையில் தேநீரில் வேகும் முட்டையின் வாசனை. அலமாரியில் மஞ்சள் பொட்டலம் இருந்தது, சிவப்பு இருந்தது, பச்சை இல்லை.

"கடைசி ஒண்ணு காலையிலயே போச்சு, அக்கா" என்றாள் கல்லாவில் இருந்த பெண். "மஞ்சள் எடுத்துக்கோங்களேன், நல்லாயிருக்கும்."

"மஞ்சளா? மெஷின்ல மஞ்சள் விளக்கு எரியறதுக்கா?" என்று அத்தை எரிந்து விழுந்தார். அவர் கண் கடையைச் சுற்றி வந்து ஓர் இடத்தில் நின்றது. ஓரத்தில் கச்சேரி டிக்கெட்டும் விற்கும் இயந்திரம். அதன் முன் நீண்ட வரிசை. இயந்திரத்தின் தலையில் புத்தம்புதுப் பச்சைப் பொட்டலம். அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக நின்றது சின்னத்தை சூமெய்.

அவர் வீட்டில் கணினி கிடையாது. விடிந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்று வரிசையில் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

மணி பன்னிரண்டு ஆனது. சின்னத்தை திரையில் விரலை வைத்தார். அத்தை என் சட்டையை இறுகப் பிடித்தார். அவருக்கு வேண்டியது அந்த விரல் நுனியில் இருந்தது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கேளுங்களேன் என்று முழங்கையால் இடித்தேன்.

"சூமெய்" என்றார் அத்தை. குரல் உடைந்தது.

சின்னத்தை திரும்பவில்லை. "பேசாத. நேரம் ஓடுது."

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் எண்ணிக்கை இரண்டு என்று ஏற்கெனவே இருந்தது. அடுத்து, டிக்கெட்டுக்கு உரியவர்களின் கைபேசி எண்களைக் கேட்டது. சின்னத்தை முதல் எண்ணைத் தடவித் தடவி, ஒரு தடவை அழித்துப் போட்டார். அது அவருடைய சொந்த எண். இரண்டாவதை விரல் நிற்காமல் மடமடவென்று அடித்தார். அது அத்தையின் எண்.

என் மனைவியின் எண்ணே எனக்கு மனப்பாடம் இல்லை.

இயந்திரம் கரகரவென்று சீட்டைத் துப்பியது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். சின்னத்தை அப்போதுதான் திரும்பி, அக்காவைத் தலையிலிருந்து வீட்டுச் செருப்பு வரைக்கும் பார்த்தார்.

"கச்சேரிக்காவது ஒழுங்கா உடுத்திட்டு வா."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "வரேன். ஆனா நீ கூடப் பாடக் கூடாது."